180 நாள் கெடு

‘ஈரானிடம் எண்ணெய் வாங்காதே’ என்று எந்த அமெரிக்க அதிகாரியும் எங்களிடம் சொன்னதில்லை. கச்சா எண்ணெய் கொள்முதல் பிரிவிலேயே உத்தியோகத்தின் பெரும்பகுதியைக் கழித்தவன் என்ற முறையில் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பத்திரிகையில் ‘வாஷிங்டன் நெருக்குதல்’ என்று கொட்டை எழுத்தில் வரும். தொலைக்காட்சியில் இரண்டு பேர் தொண்டை கிழியக் கத்துவார்கள். அதே விஷயம் எங்கள் மேசைக்கு வரும்போது எக்செல் தாளில் நிரப்பவேண்டிய ஒரு வரிசையாகச் சுருங்கியிருக்கும்: அடுத்த காலாண்டு, நாடுவாரியாக, எத்தனை ஆயிரம் டன்.

அரசு சுத்திகரிப்பு நிறுவனம் ஒன்றில் கொள்முதல், கப்பல் ஏற்பாடு, மறுபடி கொள்முதல் என்று சுற்றிவந்த வேலை என்னுடையது. நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. அந்தக் காலத்தில் ஈரான் எண்ணெய் இறக்கிய எந்த ஆலையில் போய்க் கேட்டாலும் ஏறக்குறைய இதே கதையைத்தான் சொல்வார்கள்.

ஈரான் எண்ணெய்மீது எங்களுக்கு இருந்த பிரியத்தில் அரசியல் கிடையாது. ஈரானின் கார்க் தீவில் ஏற்றினால் ஒரு வாரத்துக்குள் நம் மேற்குக் கடற்கரையில் இறக்கிவிடலாம். மற்றவர்கள் 30 நாளில் பணம் கேட்டபோது ஈரான்காரர்கள் 90 நாள் தவணை கொடுத்தார்கள். 20 லட்சம் பீப்பாய் கொள்ளும் பெரிய டேங்கர் ஒன்று, பீப்பாய் 100 டாலர் என்றால் சரக்கின் மதிப்பு 20 கோடி டாலர். கூடுதலாகக் கிடைக்கும் 60 நாளுக்கு 3 சதவீத வட்டி போட்டுப் பாருங்கள், 10 லட்சம் டாலர் வரும். பீப்பாய்க்கு 50 சென்ட். பத்து சென்ட்டுக்காக நாள்முழுக்கப் பேரம் பேசுகிற தொழில் இது.

எண்ணெயின் குணமும் ஒரு காரணம். ஒரு சுத்திகரிப்பு ஆலையைக் கட்டும்போதே இன்ன வகை எண்ணெய்க்கு என்று கணக்குப் போட்டுத்தான் கட்டுகிறார்கள். கந்தகம் எவ்வளவு, அடியில் தங்கும் கனமான பகுதி எவ்வளவு, டீசல் எவ்வளவு கிடைக்கும் என்பதெல்லாம் அதில் அடக்கம். நம் சென்னை மணலி ஆலையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1965இல் ‘மெட்ராஸ் ரிஃபைனரீஸ்’ என்று தொடங்கியபோது இந்திய அரசுக்கு 74 சதவீதம், அமெரிக்காவின் அமோகோவுக்கு 13, ஈரானின் தேசிய எண்ணெய் நிறுவனத்துக்கு 13. ஈரானின் டேரியஸ் எண்ணெயை மனத்தில் வைத்துக் கட்டிய ஆலை அது. அமெரிக்கனும் ஈரானியனும் ஒரே பங்குப் புத்தகத்தில் பக்கத்துப் பக்கத்து வரியில் இருந்த காலம். அமோகோ பிற்பாடு விலகிவிட்டது. ஈரான் விலகவில்லை; அதன் துணை நிறுவனமான நாஃப்டிரானிடம் 15.4 சதவீதப் பங்கு இருந்துகொண்டே இருந்தது. அக்கரையில் கொழும்புக்குப் பக்கத்தில் சப்புகஸ்கந்த ஆலை, 1969இல் ஓடத் தொடங்கியது, அதுவும் ஈரானின் லேசான எண்ணெய்க்கென்றே வடிவமைத்தது. இப்படி ஒன்றுக்கொன்று பழகிப்போன ஆலையையும் எண்ணெயையும் பிரிக்கச் சொன்னால் கையெழுத்துப் போடுகிற அமைச்சருக்கு ஒரு நிமிடம். எங்களுக்கு ஆறு மாதம்.

2011 டிசம்பர் 31. அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கான ஆண்டு நிதிச் சட்டத்தில் ஒபாமா கையெழுத்துப் போட்டார். அதன் 1245ஆவது பிரிவுதான் எங்கள் அடுத்த சில ஆண்டுகளைத் தீர்மானித்தது. ஈரானிடம் எண்ணெய் வாங்குகிற நாட்டுக்குத் தண்டனை என்று அதில் இல்லை. ஈரானின் மத்திய வங்கியோடு எண்ணெய்ப் பணத்தைக் கையாளுகிற வெளிநாட்டு வங்கி அமெரிக்காவில் கணக்கு வைத்துக்கொள்ள முடியாது, அவ்வளவுதான். கூடவே ஒரு சன்னல். எந்த நாடு ஈரானிடம் வாங்குவதைக் ‘கணிசமாக’ குறைக்கிறதோ அந்த நாட்டின் வங்கிகளுக்கு 180 நாள் விலக்கு. மறு 180 நாளுக்கு மறுபடி குறைத்துக் காட்டவேண்டும்.

கணிசம் என்றால் எவ்வளவு? சட்டத்தில் எண் இல்லை. ஆரம்பத்தில் எங்களுக்கு இது எரிச்சலாக இருந்தது. எவ்வளவு என்று சொல்லித் தொலைத்தால் அவ்வளவைக் குறைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாமே என்று நினைத்தோம். அந்த எண் இல்லாததுதான் முழு ஏற்பாட்டின் சூட்சுமம் என்பது போகப்போகப் புரிந்தது. எண் இருந்தால் ஒவ்வொரு நாட்டின் நாடாளுமன்றத்திலும் ‘அமெரிக்கா இட்ட கட்டளை’ என்று அதைத் தூக்கிக் காட்டுவார்கள். எண் இல்லாதபோது, ‘நாங்களாகவே விலை பார்த்து, தரம் பார்த்து வாங்குகிறோம்’ என்று அமைச்சர் சொல்லலாம். சொன்னது பொய்யாகவும் இராது.

அந்த ஜனவரி கடைசியில் நிதியமைச்சர் பிரணாப் முகர்ஜி சிகாகோவில் பேசும்போது, ஈரானிடம் வாங்குவதை இந்தியாவால் பெரிதாகக் குறைக்க முடியாது என்றார். அதே ஆண்டு மே மாதம் நாடாளுமன்றத்தில் பெட்ரோலியத் துறை கொடுத்த பதிலில், 2012-13க்கான ஈரான் இறக்குமதி இலக்கு 1.55 கோடி டன், முந்தைய ஆண்டைவிட ஏறத்தாழ 11 சதவீதம் குறைவு என்று வந்தது. இரண்டுக்கும் முரண் இருப்பதாக ஏடுகள் எழுதின. எங்கள் பிரிவில் யாருக்கும் முரண் தெரியவில்லை. முதலாவது வெளியுலகத்துக்கு, இரண்டாவது கணக்குக்கு. ஐ.நா. விதித்த தடைகளை மட்டுமே ஏற்போம் என்பது இந்தியாவின் நிலைப்பாடு. அது மாறவே இல்லை. டன்தான் மாறியது.

வாஷிங்டனிலிருந்து குழுக்கள் வரும். அப்போது தில்லி சாஸ்திரி பவனில் இருந்த பெட்ரோலிய அமைச்சகத்தில் கூட்டம் என்றால் கம்பெனிக்காரர்களான எங்களுக்குப் பின்வரிசை நாற்காலி; கேட்டால் மட்டும் எண் சொல்லவேண்டும். நான் உட்கார்ந்த ஒரு கூட்டத்தில், வந்தவர்களில் வயதில் இளையவர் ஒருவர் மடிக்கணினியில் ஒரு பட்டியல் வைத்திருந்தார். இந்தியாவின் எந்த ஆலையில் எந்த அலகு இருக்கிறது, எந்த எண்ணெயை எவ்வளவு விழுங்கும், ஈரானின் கனமான எண்ணெய்க்குப் பதில் ஈராக்கின் பாஸ்ரா எண்ணெயைப் போட்டால் எங்கே சிக்கும் என்பதெல்லாம் அதில் இருந்தது. எங்கள் அமைச்சக அதிகாரிகள் சிலருக்கே அவ்வளவு தெரியாது. அவர் எதையும் நிறுத்தச் சொல்லவில்லை. ஈராக்கிடமிருந்து கூடுதலாக வேண்டுமானால் யாரிடம் பேசலாம், சவூதியின் அடுத்த மாத ஒதுக்கீட்டில் இடமிருக்குமா, குவைத் என்ன தவணை கொடுக்கிறது என்றே பேசிக்கொண்டிருந்தார். நல்ல தரகர் பேசுகிற பேச்சு. தடை போட வந்தவர் மாற்றுச் சரக்கோடு வருவதை அன்றுதான் பார்த்தேன். அந்தச் சட்டத்திலேயே அதற்கு இடம் வைத்திருந்தார்கள்: ஈரான் இல்லாமலும் உலகச் சந்தையில் போதிய எண்ணெய் இருக்கிறதா என்று அமெரிக்க எரிசக்தித் துறை 60 நாளுக்கு ஒருமுறை அறிக்கை தரவேண்டும்.

கூட்டத்துக்கு முன்னால் இணைச்செயலர் மட்டத்து அதிகாரி ஒருவர் எங்களைத் தனியே அழைத்து இரண்டு விஷயம் சொன்னார். ஒப்பந்த அளவைச் சொல்லாதீர்கள், வந்து இறங்கிய அளவை மட்டும் சொல்லுங்கள். நிதியாண்டுக் கணக்கில் சொல்லுங்கள், நாட்காட்டி ஆண்டில் வேண்டாம்.

வெளியாருக்கு இது அற்பமாகத் தெரியலாம். குறைப்பு என்றால் எதிலிருந்து குறைப்பு? ஆண்டு முழுவதுக்குமான டெர்ம் ஒப்பந்தத்தில் எழுதிய அளவிலிருந்தா, உண்மையில் எடுத்த அளவிலிருந்தா? எந்த ஆண்டு அடிப்படை? ஏப்ரல் முதல் மார்ச் வரை நம் கணக்கு. அவர்களுக்கோ ஆறு ஆறு மாதம். மார்ச் 28இல் கார்க்கில் ஏற்றிய கப்பல் ஏப்ரல் 3இல் இறக்கினால் அது எந்த ஆண்டின் சரக்கு? சரக்கை ஏற்றியதற்கான பில் ஆஃப் லேடிங் ரசீதின் தேதியை எடுத்தால் பழைய ஆண்டு, சுங்கத்தில் பதிவான தேதியை எடுத்தால் புதிய ஆண்டு. ஒரு பெரிய டேங்கர் 2.7 லட்சம் டன். அது எந்தப் பக்கம் விழுகிறது என்பதில் ஒரு காலாண்டின் சதவீதமே ஆடிப்போகும். பொய் சொல்லவேண்டிய அவசியம் யாருக்கும் வரவில்லை. எந்த உண்மையைச் சொல்வது என்பதில்தான் இரு தரப்பும் உழைத்தோம். எதிரே இருந்தவர்களுக்கும் இது தெரியும். அவர்களும் தங்கள் செனட்டுக்கு ஒரு சதவீதத்தைக் கொண்டுபோய்க் காட்டவேண்டியவர்கள்தானே.

2012 மே மாதம் அமெரிக்க வெளியுறவுச் செயலர் ஹிலாரி கிளின்டன் கொல்கத்தாவுக்கும் தில்லிக்கும் வந்து, இன்னும் குறைக்கலாமே என்று பகிரங்கமாகக் கேட்டுக்கொண்டார். அதே நாள்களில் ஈரான் வணிகக் குழு ஒன்றும் தில்லியில்தான் இருந்தது. ஜூன் 11 அன்று விலக்குப் பட்டியல் வெளியானது: இந்தியா, தென் கொரியா, துருக்கி, மலேசியா, தென் ஆப்பிரிக்கா, தைவான், இலங்கை. ஜப்பானும் ஐரோப்பிய நாடுகள் பத்தும் மார்ச்சிலேயே வாங்கிவிட்டன. சீனாவுக்கும் சிங்கப்பூருக்கும் கெடு முடிகிற ஜூன் 28 அன்று கிடைத்தது. சீனாவுக்கும் கிடைத்ததைப் பார்த்து எங்கள் பிரிவில் சிரித்தோம். எண் எழுதாத சட்டத்தின் வசதி அது.

ஆனால் பட்டியலில் பெயர் வருவதற்கு வெகுமுன்பே எங்கள் கொள்முதல் குறையத் தொடங்கியிருந்தது. காரணம் எந்த அமைச்சரும் இல்லை, பணம் அனுப்ப வழி இல்லாமல் போனதுதான்.

முன்பெல்லாம் ஆசியத் தீர்வக ஒன்றியம் என்ற ஏற்பாட்டின் வழியாகப் பணம் போகும். மத்திய வங்கிகளுக்குள் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவு நேர் செய்துகொள்ளும் முறை, தலைமையகமே தெஹ்ரானில்தான். 2010 டிசம்பர் கடைசியில், இனி எண்ணெய்க்கு இந்த வழி கிடையாது என்று ரிசர்வ் வங்கி அறிவித்தது. எங்களுக்கு முன்னறிவிப்பு ஏதும் இல்லை. பிறகு ஹாம்பர்கில் ஈரானியர் நடத்திய வங்கி ஒன்றின் வழியாக யூரோவில் கொடுத்தோம். 2011 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியம் அதையும் தடைப்பட்டியலில் சேர்த்தது. கொடுக்க மனமிருந்தும் கொடுக்க முடியாமல் அந்த ஜூலைக்குள் இந்திய ஆலைகளின் பாக்கி 500 கோடி டாலரை ஒட்டிவிட்டது. ஆகஸ்ட் சரக்கைத் தரமாட்டோம் என்று ஈரான் எச்சரித்தது. ‘உங்களிடம் பணம் இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும், ஆனால் அதைச் சாப்பிட முடியாதே’ என்று தெஹ்ரானிலிருந்து பேசிய விற்பனை அதிகாரி ஒருமுறை சொன்னார். நல்ல மனிதர், கோபமே வராது. அப்புறம் துருக்கியின் ஹால்க் வங்கி கைகொடுத்தது. அந்த வழியும் 2013 பிப்ரவரி 6 வரைதான். அன்றிலிருந்து, எண்ணெய்ப் பணம் வாங்கும் நாட்டைவிட்டே வெளியேறக் கூடாது என்று புதிய அமெரிக்கச் சட்டம் சொன்னது.

இடையில் 2012 தொடக்கத்தில் 45 சதவீதத்தை ரூபாயில் கொடுக்கலாம் என்று பேசி முடித்தார்கள். கொல்கத்தாவின் யூகோ வங்கியைத் தேர்ந்ததற்கு ஒரே காரணம், அமெரிக்காவில் அதற்கு இழக்க ஒன்றும் இல்லை. அந்த ரூபாயில் ஈரான் பாஸ்மதியும் சோயாப் புண்ணாக்கும் தேயிலையும் மருந்தும் வாங்கிக்கொள்ளலாம். கேட்க அழகாக இருந்தது. நடைமுறைக்கு வந்தபோது வருமான வரிக்காரர்கள் ஒரு கேள்வி கேட்டார்கள். வெளிநாட்டு நிறுவனம் இந்தியாவிலேயே ரூபாயில் வருமானம் பெறுகிறது என்றால் 40 சதவீத வரியைப் பிடித்துக்கொண்டுதானே கொடுக்கவேண்டும்? ஈரான்காரர்கள் திகைத்தார்கள். உலகின் முதல்நிலை வல்லரசு மூடாத கதவை நம் வருமான வரித் துறை மூடப்பார்த்தது. கடைசியில் 2012 நிதிச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு உட்பிரிவைச் சேர்த்து விலக்குக் கொடுத்தார்கள்.

வங்கியாவது பரவாயில்லை. கப்பல் காப்பீடுதான் உயிரை வாங்கியது.

டேங்கர் ஒன்று உடைந்து எண்ணெய் கடலில் பரவினால் மீனவருக்கும் கடற்கரைக்கும் நஷ்டஈடு கொடுக்கவேண்டும். அதற்கான காப்பீட்டை ‘பி அண்ட் ஐ’ கிளப்புகள் கொடுக்கின்றன. கப்பல் முதலாளிகளே சேர்ந்து நடத்தும் சங்கங்கள் இவை. அப்போது பதின்மூன்று கிளப்புகள் ஒரு கூட்டமைப்பாக உலகக் கப்பல்களின் மொத்த டன் கொள்ளளவில் சுமார் 90 சதவீதத்துக்குக் காப்பு அளித்தன. எண்ணெய்க் கசிவுக்கு அவர்கள் தரும் உச்சவரம்பு 100 கோடி டாலர். கூட்டமைப்பு இருப்பது லண்டனில். மறுகாப்பீடும் பெரும்பாலும் ஐரோப்பாவில். 2012 ஜூலை 1 முதல் ஐரோப்பிய ஒன்றியம் ஈரான் எண்ணெயை வாங்குவதை மட்டும் தடை செய்யவில்லை. அதைச் சுமக்கும் கப்பலுக்குக் காப்பீடு கொடுப்பதையும் தடை செய்தது. ஐரோப்பாவில் காலே வைக்காத, கார்க்கிலிருந்து மங்களூருக்கு வரும் கப்பலும் அதில் சிக்கியது.

இந்திய அரசு ஒரு மாற்று ஏற்பாடு செய்தது. நம் சென்னையின் யுனைடெட் இந்தியா இன்சூரன்ஸ் காப்புறுதி கொடுக்கும்: கப்பலுக்கு 5 கோடி டாலர், மூன்றாம் தரப்பு நஷ்டத்துக்கு 5 கோடி டாலர். நூறு இருந்த இடத்தில் ஐந்து. எனக்குப் பழக்கமான தூத்துக்குடிக்காரர் ஒருவர் டேங்கர் கேப்டனாக இருந்து கரைக்கு வந்து, ஒரு கப்பல் கம்பெனியில் உத்தியோகம் பார்த்துக்கொண்டிருந்தார். கப்பல் கிடைக்குமா என்று கேட்கப் போன் செய்தேன்.

“சார், கப்பல் முழுகிச்சுன்னா அஞ்சு கோடி டாலர் எங்களுக்குப் பத்தும். எண்ணெய் கரை ஒதுங்கிச்சுன்னா பத்துமா? அதை மட்டும் சொல்லுங்க, நாளைக்கே கப்பல் தர்றோம்.”

என்னிடம் பதில் இல்லை. அமைச்சகத்திடமும் இல்லை. அவர் கம்பெனி கப்பல் தரவில்லை. வேறு சிலர் துணிந்து அனுப்பினார்கள். இந்தியக் காப்பீட்டோடு முதல் இந்தியக் கப்பல் ஆகஸ்டில் போய் ஏற்றிவந்தது. ஆனால் பெரும்பகுதி சரக்கு வேறு வழியில் வந்தது. அரசு நிறுவனங்கள் எஃப்.ஓ.பி. முறையில், அதாவது ஏற்றுமிடத்தில் சரக்கை வாங்கி, இந்தியக் கப்பலுக்கு முன்னுரிமை கொடுத்துத்தான் கொண்டுவரவேண்டும் என்பது அப்போதைய நெடுநாள் விதி. கப்பல் அமைச்சகத்தின் டிரான்சார்ட் பிரிவைக் கேட்காமல் ஒரு டேங்கரும் அமர்த்த முடியாமல் இருந்தது. அந்த விதியை ஈரானுக்காகத் தளர்த்தினார்கள். கப்பலும் காப்பீடும் விற்பவர் பொறுப்பு, நம் துறைமுகத்தில் இறக்கிக் கொடுத்தால் போதும் என்றானது. தண்ணீரில் இருக்கும்வரை தலைவலி தெஹ்ரானுடையது.

அதற்கும் புதுத் தலைவலி இருந்தது. ஈரான் டேங்கர்கள் பெயரும் கொடியும் மாற்றிக்கொண்டு வந்தன. ஒரு மாதம் ஈரானியப் பெயரோடு வந்தது அடுத்த முறை ஆங்கிலப் பூவின் பெயரில், துவாலு கொடியிலோ தான்சானியா கொடியிலோ வரும். பெயர் எத்தனை முறை மாறினாலும் ஐ.எம்.ஓ. எண் என்ற ஏழு இலக்கம் கப்பல் பிறந்ததிலிருந்து உடைக்கப்படும்வரை மாறாது. எங்கள் பிரிவில் ஒரு பெண் அதிகாரி இந்த எண்களை எல்லாம் மனப்பாடமாகவே வைத்திருந்தார். எந்தக் கப்பல் வருகிறது என்று அறிவிக்கும் நாமினேஷன் செய்தி வந்ததும் பெயரைப் பார்க்கவே மாட்டார். எண்ணைப் பார்த்து, “சார், இது போன பிப்ரவரியில வந்த அதே கப்பல்தான்” என்பார். எண்ணெய்க் கசிவுப் பொறுப்புச் சான்றிதழ் இல்லாத டேங்கரைத் துறைமுகம் உள்ளே விடாது. ஈரானியக் காப்பீட்டாளர் கொடுத்த சான்றை ஏற்பதா என்று ஒவ்வொரு கப்பலுக்கும் ஒரு கோப்பு ஓடும். கப்பல் வெளியே நங்கூரத்தில் காத்திருக்கும் ஒவ்வொரு நாளுக்கும் டெமரேஜ் என்ற தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டிருக்கும்.

2013இல் ஆட்டம் தரைக்கு வந்தது. ஈரான் எண்ணெயைப் பதப்படுத்தும் ஆலைக்கே மறுகாப்பீடு கிடையாது என்று ஐரோப்பிய மறுகாப்பீட்டாளர்கள் சொல்லிவிட்டார்கள். கப்பல் அல்ல, ஆலை. பல்லாயிரம் கோடி ரூபாய்ச் சொத்தைக் காப்பீடு இல்லாமல் ஒரு நாளாவது ஓட்ட எந்தத் தலைவர் கையெழுத்துப் போடுவார்? ஈரான் எண்ணெயை அதிகம் வாங்கிக்கொண்டிருந்த மங்களூர் ஆலை சில மாதம் அதை இறக்குவதையே நிறுத்தியது. எந்த அமெரிக்க அமைச்சர் எத்தனை முறை தில்லிக்கு வந்திருந்தாலும் இப்படி ஒரே வாரத்தில் நிறுத்தவைத்திருக்க முடியாது. அரசை இணங்கவைக்கிற வேலை என்று வெளியே தெரிவது பாதிதான் என்பது என் முடிவு. மறுபாதி, எந்த அரசும் உத்தரவிட முடியாத ஆள்களைப் பயமுறுத்துவது. லண்டனிலோ ஜெர்மனியிலோ ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவருக்கு இந்தியாவின் எரிசக்திப் பாதுகாப்பைப் பற்றி என்ன கவலை? அவருக்கு வேலை போகக் கூடாது.

மற்றவர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்பதையும் கவனித்துக்கொண்டிருந்தோம். ஜப்பான் நாடாளுமன்றத்தில் தனிச்சட்டம் போட்டு ஒரு டேங்கருக்கு 760 கோடி டாலர் வரை அரசே பொறுப்பு என்றது. நம் 5 கோடியோடு வைத்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டோம். கொரியா இரண்டு மாதம் இறக்குமதியையே நிறுத்திவிட்டு, ஈரான் கப்பலில் மறுபடி தொடங்கியது. இருவருமே அமெரிக்கப் படை தங்கியிருக்கும் நாடுகள், ஒப்பந்தக் கூட்டாளிகள். அப்போது அவர்களும் பூஜ்யத்திலேயே நின்றுவிடவில்லை.

2011-12இல் 1.8 கோடி டன்னாக இருந்த நம் ஈரான் இறக்குமதி 2013-14இல் 1.1 கோடி டன்னாக இறங்கியது. 2013 நவம்பரில் ஜெனிவாவில் இடைக்கால உடன்பாடு வந்ததும், இருக்கிற அளவிலேயே இருங்கள் என்றார்கள். 2016 ஜனவரி 16 அன்று தடை நீங்கியபோது இந்தியா கொடுக்கவேண்டிய பாக்கி 600 கோடி டாலருக்கு மேல். சில மாதத் தவணைகளில் யூரோவில் தீர்த்தோம். ஈரான்காரர்கள் வட்டி கேட்டு மல்லுக்கு நின்றிருக்கலாம். வாடிக்கையாளர் வேண்டுமென்று கப்பல் வாடகையில் 80 சதவீதத் தள்ளுபடி கொடுத்தார்கள். 2016-17இல் 2.7 கோடி டன் வாங்கினோம்.

அடுத்து நடந்ததை யாரும் பெரிதாக எழுதுவதில்லை. ஈரானின் ஃபர்சாத்-பி எரிவாயு வயலை 2008இல் கண்டுபிடித்தது நம் ஓ.என்.ஜி.சி. விதேஷ். அதை மேம்படுத்தும் உரிமையைக் கொடுக்க ஈரான் இழுத்தடித்தது. 2017இல் அரசு ஆலைகள் ஈரான் ஒப்பந்த அளவை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைக்கும்படி எங்களுக்கு மேலிடத்திலிருந்து சைகை வந்தது. அதே எக்செல் தாள், அதே வரிசை. இம்முறை நெருக்கியது நாம். ஈரானும் சும்மா இருக்கவில்லை. தவணையை 90லிருந்து 60 நாளாகவும், வாடகைத் தள்ளுபடியை 80லிருந்து 60 சதவீதமாகவும் குறைத்தது. வயலும் வரவில்லை, தவணையும் போயிற்று.

2018 மே மாதம் டிரம்ப் அணுசக்தி உடன்பாட்டிலிருந்து விலகியபோது வந்த பேச்சின் ரகமே வேறு. ஜூனில் ஐ.நா.வுக்கான அமெரிக்கத் தூதர் நிக்கி ஹேலி தில்லிக்கு வந்து ஈரானோடு உள்ள உறவை இந்தியா மறுபரிசீலனை செய்யவேண்டும் என்றார். நவம்பர் 4க்குள் பூஜ்யம் என்றார்கள். எண் எழுதிவிட்டார்கள்! பிறகு எண்ணெய் விலை ஏறும் என்ற பயத்தில் இந்தியா, சீனா, ஜப்பான் உள்ளிட்ட எட்டு நாடுகளுக்கு ஆறு மாத விலக்கு. 2019 ஏப்ரல் 22 அன்று அமெரிக்க வெளியுறவுச் செயலர் பாம்பியோ அதை நீட்டிக்கப்போவதில்லை என்று அறிவித்தார். மே 2இல் முடிந்தது.

எதிர்ப்பு எதுவும் நடக்கவில்லை. மாற்றுச் சரக்கு இருந்தது, அதில் அமெரிக்காவுடையதும் ஒன்று. 2015 டிசம்பரில் தங்கள் கச்சா எண்ணெய் ஏற்றுமதித் தடையை நீக்கியிருந்த அவர்கள், 2017 அக்டோபரில் பாரதீப்புக்கு முதல் கப்பலை அனுப்பிவைத்தார்கள். மாற்றை எடுத்துச்சொல்லும் தரகராக வந்தவர்கள் விற்பனையாளராகவும் ஆகிவிட்டார்கள். தூரம் அதிகம், வாடகை அதிகம், கந்தகம் குறைவு. எங்கள் ஆலைக்கு அது சற்று லேசான எண்ணெய். கனமான ஒன்றோடு கலந்தே போடவேண்டியிருந்தது. தெஹ்ரானின் அந்த விற்பனை அதிகாரி ஏப்ரல் கடைசியில் பேசினார். ஜூன் மாதச் சரக்குக்கு நாமினேஷன் அனுப்புவீர்களா என்று முறைக்காகக் கேட்டார். இல்லை என்றேன். அடுத்த நாளே பாக்கி விவரத் தாளை அனுப்பிவைத்தார். கணக்கு ஒரு பைசா பிசகவில்லை.

நான் ஓய்வு பெற்ற பிறகு ஈரானின் இடத்தில் ரஷ்ய எண்ணெய்ப் பிரச்சினை வந்தது. 2022 டிசம்பர் 5 முதல் ஜி-7 நாடுகள் பீப்பாய்க்கு 60 டாலர் என்று உச்சவரம்பு வைத்தன. வாங்காதே என்று இந்தியாவிடம் கேட்கவில்லை. குறைந்த விலைக்கு வாங்கு என்றார்கள். மேற்கத்தியக் காப்பீடும் கப்பலும் வேண்டாமென்றால் எந்த விலைக்கும் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அமெரிக்க நிதிச் செயலர் யெல்லனே சொன்னார். 2012இன் பாடத்தை யாரோ உட்கார்ந்து படித்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கப்பல் கிளப்பை வைத்துக் கழுத்தைப் பிடித்தது எங்கள் காலத்தில். இப்போது அதே கிளப்பை விலைக்குக் காவல் வைத்தார்கள். எனக்குப் பிறகு அந்த மேசைக்கு வந்தவர்கள் விலை வரம்பை மீறவில்லை என்ற உறுதிமொழிக் கடிதங்களை அடுக்கிவைத்துக்கொண்டு வாங்கினார்கள், நிறையவே வாங்கினார்கள்.

2025 ஆகஸ்ட் 27 அன்று அந்தப் பாடத்தை அமெரிக்கா தூக்கி எறிந்துவிட்டது. ரஷ்ய எண்ணெய் வாங்குவதற்காக இந்தியச் சரக்குகள்மீது கூடுதலாக 25 சதவீத வரி. ஏற்கெனவே இருந்ததோடு சேர்த்து 50. எண்ணெய் வாங்கியது சுத்திகரிப்பு ஆலைகள். வரி விழுந்தது இறால்மேலும் பனியன்மேலும். வங்கியையோ காப்பீட்டாளரையோ பயமுறுத்தினால் கொள்முதல் மேசையில் இருப்பவனுக்கு அன்றைக்கே வலிக்கும். பனியனுக்கு வரி போட்டால் அவனுக்கு வலிக்காது. வலிக்கிறவனிடம் நிறுத்துவதற்கு எண்ணெய் இல்லை.

திருப்பூரில் ஏற்றுமதி செய்யும் உறவுக்காரப் பையன் அந்த வாரம் போன் செய்தான்.

“ஏனுங்க சித்தப்பா, நீங்க எண்ணெய்க் கம்பெனியில இருந்தவங்கதானுங்க. நாளைக்கே நிறுத்துன்னு சொன்னா எத்தனை நாள்ல நிக்குமுங்க?”

பால்டிக் துறைமுகத்தில் ஏற்றினால் வந்துசேர ஏறத்தாழ ஒரு மாதம், பேசி முடித்தது அதற்கும் ஒரு மாதம் முன்பு, ஆக இன்று நிறுத்தினாலும் இரண்டு மாதத்துக்குக் கப்பல் வந்துகொண்டுதான் இருக்கும் என்றேன். அவன் கேட்டது வேறு கணக்குக்காக. கோடைக் காலத்து டி-ஷர்ட் ஆர்டர் கையில் இருக்கிறதாம். வரியில் பாதியை நீங்கள் ஏற்றுக்கொண்டால் எடுக்கிறேன் என்று அமெரிக்க பையர் சொல்கிறானாம். நூல் வாங்கியாயிற்று, துணி சாயத்துக்குப் போயிருக்கிறது. இரண்டு மாதம் என்று சொன்னதும் கொஞ்ச நேரம் கால்குலேட்டர் தட்டும் சத்தம் கேட்டது. “ஒரு டஜனுக்கு நாலு டாலர் கையை விட்டுப் போகுமுங்க,” என்றான். பிறகு, திங்கட்கிழமை கட்டிங் தொடங்கச் சொல்லிவிட்டதாகவும், பாதி ஆர்டரை மட்டும் எடுத்துக்கொண்டு மீதிக்கு ஐரோப்பாவில் ஆள் தேடுவதாகவும் சொன்னான்.